வாய் திறக்காத ஊழியரிடம் 'என்ன நடந்தது' என்று கேட்பது எப்படி?

"ஊழியர்கள் மனசுல என்ன இருக்குன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், ஒரு குழுவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றவராக இருக்கலாம். எப்படியோ இந்த வேலை உங்கள் தலையில் விழுந்துவிட்டது. கை தானாகப் போவது சர்வே பக்கம்தான். பத்துக் கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்பவும். திங்கட்கிழமை 'பாதுகாப்பு: 3.9' என்று ஓர் எண் வந்து நிற்கும். அந்த 3.9-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அறையில் ஒருவருக்கும் தெரியாது.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு கிடங்கில் சர்வே தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தபோது, பாதுகாப்புக்கு நாலு மதிப்பெண் போட்டிருந்த ஒருவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "ஃபோர்க்லிஃப்ட் பின்னாடி வரும்போது சத்தம் வரணும் இல்லையா, ஒரு வண்டியில அது வர்றதில்ல. ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை 'உனக்கு என்ன அவ்வளவு பயமா'ன்னு கேட்டாங்க. அப்புறம் சொல்றதில்ல. அந்த வண்டி வந்தா ஒதுங்கி நின்னுக்குவேன்" என்றார். பிறகு ஏன் நாலு போட்டீர்கள் என்றேன். "மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

எந்த வண்டி, எத்தனை முறை சொன்னார், சொன்னதற்கு என்ன கிடைத்தது, அதன்பின் என்ன பழக்கம் வந்தது, எல்லாம் அந்த நாலைந்து வரியில் இருந்தன. இப்படிப்பட்ட பேச்சைத் திட்டமிட்டுக் கேட்டு, எழுதி, உரிய இடத்தில் சேர்த்து, பதிலோடு திரும்பக் கொண்டுவரும் வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மேடையில் அசத்தும்படி கதை சொல்ல வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது.

முதலில், பதில் சொல்ல ஓர் ஆளைப் பிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். நான் முதலில் வைக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-இல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழி உண்டு. வெளியேறலாம், அல்லது வாய்விட்டுச் சொல்லலாம். நிறுவனத்தின் மேல் பற்று உள்ளவர் சட்டென்று வெளியேற மாட்டார் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். ஆனால் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் மூன்றாவது வழி ஒன்று தெரியும்: இருக்கையில் இருந்துகொண்டே சும்மா இருந்துவிடுவது. எலிசபெத் மோரிசன், ஃபிரான்சஸ் மில்லிகன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் இந்த நிறுவன மௌனத்தைப் பற்றி எழுதியபோது, ஊழியர்களை வாய்மூட வைக்கும் இரண்டு நம்பிக்கைகளைச் சுட்டினார்கள். சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பது ஒன்று. சொன்னால் ஆபத்து என்பது இன்னொன்று.

கேட்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இரண்டாவதை மட்டும்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் பெயர் எழுதத் தேவையில்லாத பெட்டியும் ரகசிய ஃபார்மும் முளைக்கின்றன. என் அனுபவத்தில் பயத்தைவிடச் சலிப்புதான் கனமானது. "சொல்லி என்ன ஆகப் போகுது" என்று இருப்பவருக்குப் பூட்டுப் போட்ட பெட்டி எந்தத் தைரியத்தையும் தராது.

ஒரு நிறுவனத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேரிடம் பேசினேன். நன்றாகவே பேசினார்கள், ஒருவர் அழக்கூட அழுதார். அறிக்கை எழுதினேன், எல்லோரும் பாராட்டினார்கள், கோப்புக்குள் போனது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் கூட்டம் போட்டபோது ஐந்து பேர் வந்தார்கள். அதில் இருவர் தப்பான அறைக்கு வந்துவிட்டவர்கள்.

ஆகவே ஊழியர் ஒருவரிடம்கூடப் பேசும் முன், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். எந்தெந்த விஷயத்தில் அவரால் முடிவெடுக்க முடியும், எந்தத் தேதிக்குள் பதில் வரும், பதில் யார் பெயரில் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "முதல்ல கேட்டுட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்றால், வேலையைத் தள்ளிப் போடுங்கள். கேட்காமல் இருப்பதைவிட, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அதிகக் கெடுதல்.

'கதை' என்ற சொல்லைத் தவிருங்கள்

இது நம் மொழிக்கே உரிய சிக்கல். 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று போஸ்டர் ஒட்டிப் பாருங்கள். கதை விடுகிறான், கதையளக்கிறான், கட்டுக்கதை என்று பாதிப் பொய்யோடு ஒட்டிக்கொண்ட சொல் அது. மீதிப் பாதி சினிமா. இரண்டுக்கும் நடுவே உங்கள் போஸ்டர் மாட்டிக்கொள்ளும்.

'சம்பவம்' என்றால் காவல் நிலைய வாடை வரும். 'அனுபவம்' பரவாயில்லை, ஆனால் உடனே தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு இதுவரை நன்றாக வேலை செய்தது 'என்ன நடந்தது' என்ற சாதாரணத் தொடர்தான். அழைப்பிதழில் அதையே போடுங்கள்: "புதிய கருவி வந்த முதல் மாதத்தில் என்ன நடந்தது என்று பேசப் போகிறோம்."

அந்த வரியில் இன்னொன்றையும் கவனியுங்கள். விஷயம் ஒன்றுதான், காலமும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 'நம் நிறுவனத்தில் வேலை செய்வது பற்றி' என்று கூப்பிட்டால் ஒரு மணி நேரமும் சம்பளத்திலும் கழிப்பறையிலும் போய்விடும். அவை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அதற்குத் தனியாகக் கூடுங்கள்.

யார் கேட்பது, எங்கே கேட்பது

நேரடி மேலாளர் கேட்கக் கூடாது. அவர் தங்கமானவராக இருந்தாலும் சரி. பாதிச் சம்பவங்களில் அவர் ஒரு பாத்திரமாக வருவார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது?

கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் அறையும் வேண்டாம். யார் உள்ளே போனார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று தளம் முழுக்கத் தெரியும். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆனால் காது எட்டாத தூரத்தில் ஓர் இடம் போதும். நடந்துகொண்டே பேசலாம்.

ஜெராக்ஸ் நிறுவனத்தில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் 1980களில் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். அவர்கள் கையேட்டைப் பார்த்து வேலை கற்றுக்கொள்வார்கள் என்பதுதான் நிறுவனத்தின் எண்ணம். ஜூலியன் கண்டது வேறு. சாப்பாட்டு நேரத்திலும் இயந்திரத்தின் முன்னால் இருவராக நிற்கும்போதும் "அன்னைக்கு ஒரு மெஷின் இப்படித்தான் பண்ணுச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்தான் பெரும்பாலான அறிவு கைமாறியது. கையேட்டில் இல்லாத பழுதுகளுக்கு அந்தப் பேச்சுதான் கையேடு. உங்கள் நிறுவனத்திலும் இப்படிப் பேசும் இடங்கள் ஏற்கெனவே இருக்கும். அங்கே போய் ஒட்டுக் கேட்காதீர்கள். அந்த இடத்தை நிர்வாகம் கண்டுபிடித்துவிட்டது என்று தெரிந்தால் பேச்சு வேறிடம் போய்விடும். எப்படிப்பட்ட இடத்தில், எத்தனை பேராகச் சேர்ந்தால் பேச்சு வருகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

குழுவாகக் கேட்பதென்றால் ஆறு பேர், அதிகம் போனால் எட்டு. எல்லோரும் ஒரே மட்டத்தில் இருப்பவர்களாக வேண்டும். ஒருவர் சொன்னால் அடுத்தவருக்கு நினைவு வரும், அது குழுவின் பலம். ஆனால் அவமானப்பட்ட சம்பவம் குழுவில் வராது, தனியாகக் கேட்டால்தான் வரும். இரண்டையும் கலந்து வையுங்கள்.

கேட்கும் விதம்

மொத்த வேலையிலும் பாதி இங்கேதான்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாக எல்லையைச் சொல்லிவிடுங்கள். "நீங்க சொல்றதை நான் எழுதுவேன், பேர் போட மாட்டேன், எழுதினதை உங்ககிட்ட காட்டிட்டுத்தான் வெளியே கொண்டுபோவேன். ஆனா யாருக்காவது உடனடி ஆபத்துன்னாலோ, பாலியல் தொல்லை மாதிரி விஷயம்னாலோ நான் எழுதி வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதுக்குன்னு உள்ள இடத்துக்கு உங்களோடு சேர்ந்து கொண்டுபோகணும்." இதைப் பேச்சின் நடுவில் சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகும். காக்க முடியாத ரகசியத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கேள்வி. 'என்ன நினைக்கிறீர்கள்' என்று ஆரம்பிக்கும் கேள்வி எதுவும் வேண்டாம். கருத்துக் கேட்டால் கருத்து வரும், அதுவும் உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கும் கருத்து. 'ஒரு நாள்', 'கடைசியாக', 'முதல் தடவை' என்று காலத்தில் கொக்கி போட்டுக் கேளுங்கள்.

"இங்கே குழுக்களுக்குள் ஒத்துழைப்பு எப்படி?" என்று கேட்டால், "நல்லா இருக்கு சார்." அவ்வளவுதான். "கடைசியா பக்கத்து டீம்கிட்ட ஒரு உதவி கேட்டீங்களே, அது எப்போ? என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நிமிர்ந்து உட்காருவார். நான் அடிக்கடி பயன்படுத்தும் இன்னொரு கேள்வி: "இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சு, கடைசியில சொல்லாம விட்ட ஒரு நாள் ஞாபகம் இருக்கா?" சொல்லாமல் விட்டதைப் பற்றிச் சொல்வது ஏனோ எளிதாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழையவர்கள் என்ன சொல்லி எச்சரித்தார்கள் என்றும் கேட்கலாம். அந்தப் பதிலில் நிறுவனத்தின் உண்மையான விதிமுறைப் புத்தகம் இருக்கும்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஜோன் மார்ட்டினும் அவருடைய சகாக்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 'எங்கள் நிறுவனம் தனி ரகம்' என்று காட்டுவதற்காகச் சொல்லப்படும் கதைகளை எடுத்துப் பார்த்தால், வெவ்வேறு நிறுவனங்களிலும் ஏழே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்றார்கள். பெரிய அதிகாரி விதியை மீறினால் என்ன செய்வது? பெரிய முதலாளி மனுஷனாக நடந்துகொள்வாரா? கீழே இருப்பவன் மேலே வர முடியுமா? என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா? தப்புச் செய்தால் மேலாளர் எப்படி எடுத்துக்கொள்வார்? மீதி இரண்டு, ஊர் மாற வேண்டி வந்தால் நிறுவனம் உதவுமா என்பதும் தடங்கல் வந்தால் எப்படிச் சமாளிக்கும் என்பதும். ஐ.பி.எம். நிறுவனத்தில் சொல்லப்பட்ட ஒரு கதையை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். சரியான அடையாள அட்டை இல்லாமல் வந்த தலைவர் தாமஸ் வாட்சனை 22 வயதுப் பெண் பாதுகாப்புப் பணியாளர் ஒருவர் தடுத்து நிறுத்தினார். தலைவர் கோபிக்காமல், சரியான அட்டை வரும்வரை காத்திருந்தார். இதே கதையின் எதிர்ப்பதிப்பு வேறொரு நிறுவனத்தில் உலவியது. அங்கே விதியைக் காத்த வரவேற்பாளருக்கு வேலை போயிற்று. கேட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் இடத்தில் எந்தப் பதிப்பு உலவுகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கதை நடந்ததா இல்லையா என்பதைவிட, புதிதாக வருபவருக்கு எது சொல்லப்படுகிறது என்பதுதான் அவர் வாய் திறப்பாரா மூடுவாரா என்று முடிவு செய்கிறது.

ஒருவர் பேசும்போது 'ஏன்' என்று கேட்காதீர்கள். 'ஏன் அப்போவே சொல்லலை?' என்பது விசாரணை. 'அப்புறம்?' போதும். 'அவங்க என்ன சொன்னாங்க?', 'அந்த நேரத்துல கையில என்ன வேலை இருந்துச்சு?' என்று கேட்டால் அவரே அந்த நாளுக்குள் போய்விடுவார். பேச்சு நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முக்கியமான வரி பெரும்பாலும் ஏழாவது எண்ணில் வரும். (ஆய்வெல்லாம் இல்லை, என் விரல் கணக்கு.)

ஆறுதலும் சொல்ல வேண்டாம், நிர்வாகத்துக்காக வாதாடவும் வேண்டாம். "அவங்க பக்கத்துலயும் ஒரு நியாயம் இருக்கும் இல்லையா" என்ற ஒரே வாக்கியத்தில் எதிரே இருப்பவர் மூடிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் நான்தான்.

எழுதும்போது மெருகேற்றாதீர்கள்

ரெக்கார்டர் வைத்தால் பேச்சு உடை மாற்றிக்கொண்டு வரும். நான் சிறு நோட்டில் ஐந்தாறு சொற்கள் குறித்துக்கொண்டு, பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து எழுதிவிடுவேன். அடுத்த நாளுக்கு விட்டால் என் சொற்கள் கலந்துவிடும்.

ஒரு சம்பவத்துக்கு அரைப் பக்கம் போதும். எங்கே, எந்த வேலை நடந்துகொண்டிருந்தது, யார் யார் (பொறுப்பு மட்டும்), என்ன நடந்தது, என்ன பேசினார்கள், எப்படி முடிந்தது. முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் தொங்கவிடுங்கள். உண்மையில் நடந்தவை பலவும் முடிவில்லாமல்தான் நிற்கும்.

அந்த ஃபோர்க்லிஃப்ட் விஷயத்தை நான் முதலில் எழுதிய விதம் இது: 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட இடைவெளி காரணமாக, ஒரு பாதுகாப்புச் சாதனத்தின் பழுது உரிய காலத்தில் நிவர்த்தி செய்யப்படவில்லை.' படித்துவிட்டு யாருக்குக் கோபம் வரும்? யார் எழுந்து போய் வண்டியைப் பார்ப்பார்கள்? அவர் சொன்னதில் 'உனக்கு என்ன அவ்வளவு பயமா' என்று ஒரு வரி இருந்தது. பழுது எப்படி இரண்டு மாதம் நீடித்தது என்பதற்கான விளக்கம் முழுவதும் அந்த ஒரு வரிதான். நான் எழுதியதில் முதலில் காணாமல் போனதும் அதுதான். கேட்டவை அப்படியே இருக்கட்டும், வட்டாரப் பேச்சோடு, பாதியில் நின்ற வாக்கியத்தோடு. கடைசியில் 'இதிலிருந்து நாம் கற்பது' என்று ஒரு பத்தி சேர்க்க ஆசை வரும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பெயரை மறைப்பது என்றால்

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. 'இரவு ஷிப்டில் வேலை செய்யும் ஒரே பெண்' என்று எழுதிவிட்டுப் பெயரை மறைத்ததாகச் சொல்வது, தலையணைக்கடியில் யானையை ஒளித்த மாதிரி. எட்டுப் பேர் உள்ள பிரிவென்றால் பிரிவின் பெயரையே எடுத்துவிடுங்கள். ஷிப்ட், பாலினம், எத்தனை வருட அனுபவம் என்பவற்றில் சம்பவத்துக்குத் தேவையில்லாததை நீக்குங்கள். நீக்க முடியும், மாற்றி எழுதக் கூடாது. இரவைப் பகல் என்று மாற்றினால் விளக்கு எரியாதது பற்றிய சம்பவம் பொருளற்றுப் போகும்.

எழுதியதைச் சொன்னவரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். எது போகட்டும், எது வேண்டாம் என்று அவர் சொல்லட்டும். 'இது வெளியே போகவே வேண்டாம்' என்றால் அவர் முன்னாலேயே கிழித்துப் போடுங்கள். ஒரு நல்ல சம்பவம் போய்விட்டதே என்று வருத்தமாகத்தான் இருக்கும்.

ஆபத்தைப் பற்றிய சம்பவத்துக்கும் திறமையைப் பற்றிய சம்பவத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒருவர் கடினமான பழுதைப் புத்திசாலித்தனமாகத் தீர்த்த கதையென்றால் பெயரைப் போடுவதுதான் மரியாதை. ஜெராக்ஸ் பழுதுபார்ப்பவர்களின் குறிப்புகளைத் திரட்டி 1990களில் 'யூரேகா' என்ற தொகுப்பு உருவானபோது, குறிப்பை எழுதியவர் பெயரும் அதோடு போனது. அது பலரை எழுத வைத்தது. பெயரை மறைப்பதா போடுவதா என்று சொன்னவரையே கேளுங்கள்.

சம்பவம் போக வேண்டிய இடம்

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் ஒரு மலையில் மோதியது. இருந்த 92 பேரும் இறந்தார்கள். 'இறங்கலாம்' என்று கட்டுப்பாட்டு அறை அனுமதித்ததை, அந்த இடத்திலேயே கீழ் உயரத்துக்கு வரலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். கட்டுப்பாட்டு அறை அதை அந்தப் பொருளில் சொல்லவில்லை. ஆறு வாரம் முன்புதான் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில், அதே மாதிரிப் புரிந்துகொண்டு, அதே மலையை மயிரிழையில் தாண்டியிருந்தார்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை, தன் விமானிகளையெல்லாம் எச்சரித்தது. எச்சரிக்கை அந்த நிறுவனத்தின் வேலியோடு நின்றுவிட்டது.

அந்த விபத்தின் விளைவாக 1976-இல் விமானப் பாதுகாப்புத் தகவல் முறை ஒன்று வந்தது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு நேரடியாகக் கேட்டால் விமானிகள் சொல்லத் தயங்கினார்கள். அதனால் அந்த அதிகாரமே இல்லாத நாசாவிடம் கேட்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. தகவல் எழுதும் படிவத்தின் மேல்பகுதியில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஆய்வாளர் தேவையானதைக் கேட்டு முடித்ததும் அந்தத் துண்டு கிழிக்கப்பட்டு, எழுதியவருக்கே திரும்பப் போய்விடும். பெயரில்லாமல் மீந்த சம்பவங்களில் சில, 1979 முதல் மாதாமாதம் ஓர் இதழில், விமானிகளின் சொற்களிலேயே எல்லோரும் படிக்க வெளிவருகின்றன. கேட்பவர் யார், பெயர் எங்கே போகிறது, சம்பவம் யாரை அடைகிறது என்ற மூன்றுக்கும் அங்கே பதில் இருக்கிறது. உங்கள் நிறுவனம் முப்பது பேர் உள்ளதாக இருந்தாலும் இதே மூன்று கேள்விதான்.

ஆகவே ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதி முடித்ததும், ஓரத்தில் 'யாருக்குத் தெரிய வேண்டும்' என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அது நிர்வாகமாக இருக்காது. பக்கத்துத் தளத்தில் அதே வேலை செய்பவராக இருக்கும்.

நிர்வாகத்திடம் கொண்டுபோகும்போது ஸ்லைடு போடாதீர்கள். மூன்று சம்பவங்களை உரக்கப் படியுங்கள், முடிந்தால் அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். அறையில் இரண்டு கேள்விகள் கட்டாயம் எழும். "யாரு சொன்னது?" என்பது முதலாவது. அதற்கான பதிலை முன்பே, அந்த முதல் அரை மணி நேரப் பேச்சிலேயே ஒப்புக்கொள்ள வைத்திருக்க வேண்டும்: கேட்கவும் மாட்டோம், ஊகிக்கவும் மாட்டோம். இரண்டாவது, "இது ஒருத்தருக்கு நடந்ததா, எல்லாருக்குமா?" இது நியாயமான கேள்வி. சம்பவத்தால் எத்தனை என்று சொல்ல முடியாது, என்ன, எப்படி என்றுதான் சொல்ல முடியும். "தெரியாது, எண்ணிப் பார்க்கலாம்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். எத்தனை வண்டியில் சத்தம் வரவில்லை என்று ஒரு காலையில் எண்ணிவிடலாம். சர்வேக்கும் இங்கேதான் இடம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு.

நிறைய சம்பவம் சேர்ந்துவிட்டால் எதை எடுப்பது? ரிக் டேவிஸ் 1990களில் வங்கதேசத்தில் ஒரு கிராம வளர்ச்சித் திட்டத்துக்காக வகுத்த முறை ஒன்று எனக்கு உதவியிருக்கிறது. ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு சிறு குழு உட்கார்ந்து, வந்தவற்றில் மிக முக்கியமான மாற்றத்தைக் காட்டுவது எது என்று தேர்ந்தெடுத்து, ஏன் அதை எடுத்தோம் என்பதையும் எழுதி மேலே அனுப்பும். தேர்வைவிட அந்தக் 'காரணம்' சுவாரஸ்யமானது. மேலாளர்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்று கீழே உள்ளவர்களுக்கு முதல்முறையாகத் தெரியவரும்.

ஒரு பொறி பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் திரட்டியவற்றில் நெகிழ வைக்கும் ஒன்று இருக்கும். விளம்பரப் பிரிவு மோப்பம் பிடித்து வந்து, "இதை வீடியோவா பண்ணலாமே" என்று கேட்கும். கொடுக்காதீர்கள். வேண்டுமானால் அவர்கள் தனியாகப் போய், விளம்பரத்துக்கு என்று சொல்லியே கேட்கட்டும்.

பதிலைத் திரும்பக் கொண்டுபோவது

பதில் மூன்று வகைதான்: 'செய்தாகிவிட்டது', 'இந்தத் தேதிக்குள் பார்க்கிறோம்', 'செய்ய முடியாது, காரணம் இது'. மூன்றாவது வகைதான் அதிக மரியாதையைச் சம்பாதித்துத் தரும் என்பதைப் பல மேலாளர்கள் நம்ப மறுக்கிறார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற நாலாவது வகையை ஊழியர்கள் சரியாகவே 'இல்லை' என்று மொழிபெயர்த்துக்கொள்வார்கள்.

பதில் வர ஆரம்பித்தால் புகார்கள் கூடும். பதறிப்போய் "இதை ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் பிரச்சினையே அதிகமாச்சு" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். அந்தக் குழுக்களில் பிழையை வெளியே சொல்ல முடிந்தது என்பதுதான் காரணமாகத் தெரிந்தது. இந்த விளக்கத்தை மேலிடத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எண்ணிக்கை ஏறிய பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

பொதுவான பதில் அறிவிப்புப் பலகையில் போகட்டும். சொன்னவருக்கு மட்டும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், மற்றவர்கள் கவனிக்காத நேரம் பார்த்து. ஃபோர்க்லிஃப்ட் விஷயம் அறிக்கைக்குக் காத்திருக்கும் விஷயமில்லை என்பதால் அன்றே பராமரிப்புப் பொறுப்பாளரிடம் போனேன், சொன்னவர் பெயரைச் சொல்லாமல். ஒரு வயர் அறுந்திருந்தது. மறுநாள் மாலை சரியாகிவிட்டது. அதற்கடுத்த நாள் அதை அவரிடம் சொல்லலாம் என்று கிடங்குக்குப் போனேன். "தெரியும், காலையிலேயே சத்தம் கேட்டுச்சு" என்றார். கொஞ்ச நேரம் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "மேல் அடுக்குல ஒரு ஏணி இருக்கு, அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.